நடுவர் இல்லாத ஒத்திசைவு

ஓலையேட்டைப் படியெடுப்போர் பெருகப் பெருகப் பாடவேறுபாடுகளும் பெருகும் என்பது பதிப்பியல் பயின்றோர் யாவரும் அறிந்த செய்தி. ஒரு நூலின் மூன்று ஏடுகள் மூன்று ஊர்களில் கிடைத்தால் அவை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கக் காண்பது அரிது. எது முந்தையது, எது பிந்தையது, எது மூலத்துக்கு அணியது என்று தேர்வதே பதிப்பாசிரியரின் பெரும்பணி. இன்று ஓலையும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. ஆயினும் அச்சிக்கல் நம்மை விட்டு நீங்கவில்லை. ஆய்வேட்டின் ஓர் இயல் வீட்டுக் கணிப்பொறியில் ஒருவாறும், துறையறைக் கணிப்பொறியில் வேறொருவாறும், கைபேசியில் மற்றொருவாறும் கிடக்கின்றது. 'இறுதி', 'இறுதி இரண்டு', 'உண்மையான இறுதி' என்றெல்லாம் பெயர் சூட்டப்பெற்ற கோப்புகளைக் காணாத ஆய்வு மாணவர் இரார்.

இதற்குக் கணிப்பொறி அறிவியல் கண்டுள்ள தீர்வே ஒத்திசைவு. ஒரு கருவியில் செய்த மாற்றம் நம்முடைய ஏனைய கருவிகளுக்கும் தானே சென்று சேர்தல் என்பது அதன் பொருள். இதனை இரு வழிகளில் நிகழ்த்தலாம். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு வழங்கியை நிறுத்தி அதன் வாயிலாக நிகழ்த்துவது ஒன்று. நடுவண் எதுவுமின்றிக் கருவிகள் தமக்குள் நேரே பேசிக்கொள்வது மற்றொன்று. பின்னதைப் பற்றியதே இக்கட்டுரை. படிகளைக் கொண்டு செல்வது இம்முறையில் எளிய பகுதியாகும். 'எது புதியது?' என்னும் வினாவுக்கு விடை காண்பதே அரிய பகுதி என்பதை நாம் விரித்துக் காட்ட முயல்வோம்.

நடுவண் வழங்கி

டிராப்பாக்ஸ் 2008இல் மக்களிடம் வந்தது. கூகுள் டிரைவ் 2012இல் வந்தது. இத்தகைய சேவைகளில் நம் கோப்புகளின் தலைமைப்படி அந்நிறுவனத்தின் வழங்கியில் உறைகின்றது. வீட்டில் திருத்தினால் திருத்தம் முதலில் அங்குச் சென்று சேரும். பின்னர் துறையறைக் கணிப்பொறி அங்கிருந்து அதனை அறிந்துகொள்ளும். எது புதியது என்று வழக்கு எழுந்தால் தீர்ப்புக் கூற ஒரு நடுவர் உண்டு. வழங்கி இரவும் பகலும் விழித்திருப்பதால் நம் கருவிகள் எப்போது விழித்தாலும் கவலையில்லை. இவை சிறு நன்மைகள் அல்ல. பெரும்பாலோர் இம்முறையையே விரும்புவதில் வியப்பும் இல்லை.

ஆயின் அந்நடுவர் நம் வீட்டார் அல்லர். உபுண்டு ஒன் என்னும் சேவை 2014 ஏப்ரலில் தன் கோப்புச் சேமிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சூன் முதல் நாள் சேவை நின்றது. சூலை இறுதிக்குள் கோப்புகளை இறக்கிக்கொள்ளுமாறு பயனர்க்குத் தவணை தரப்பட்டது. உரிய அறிவிப்போடு முறையாக மூடப்பட்ட சேவைதான் அது, குறை கூறுவதற்கில்லை. எனினும் இருபது ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் ஆய்வாளருக்கு நான்கு மாதத் தவணை என்பது எத்தகைய செய்தி என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் அச்சமயம் வெளிநாட்டில் இருந்திருக்கலாம், நோயுற்றிருக்கலாம், அறிவிப்பு மடல் வந்த முகவரியையே விட்டிருக்கலாம்.

நிகர்க்கு நிகர்

நடுவண் இல்லாத வலையை ஆங்கிலத்தில் பியர்-டு-பியர் என்பர். நாம் அதனை 'நிகர்க்கு நிகர்' எனக் குறிப்போம். இதில் பங்குபெறும் கருவிகள் யாவும் ஒத்த நிலையின. வழங்குவதும் பெறுவதும் ஒவ்வொன்றுக்கும் உரியன.

இக்கருத்தைப் பொதுமக்கள் முதலில் அறிந்தது இசைக் கோப்புகளின் வாயிலாகத்தான். 1999இல் தோன்றிய நாப்ஸ்டரில் பாடல்கள் பயனர் கணிப்பொறிகளிலேயே இருந்தன. ஆனால் யாரிடம் எது உள்ளது என்னும் அட்டவணை நடுவண் வழங்கியில் இருந்தது. பதிப்புரிமை வழக்கில் 2001இல் அவ்வழங்கி அடங்கியதும் வலை முழுவதும் அடங்கிற்று. அதே ஆண்டில் பிராம் கோகென் வெளியிட்ட பிட்டாரன்ட், கோப்பைத் துண்டுகளாக்கிப் பலரிடமிருந்தும் ஒரே வேளையில் பெறும் முறையைப் பரப்பியது. இவ்விரண்டும் ஊரார்க்கு வழங்கும் வலைகள். ஒருமுறை வெளியிட்ட கோப்பு அவற்றில் மாறுவதில்லை. நமக்கு வேண்டுவதோ நம் சொந்தக் கருவிகளுக்கிடையே நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும் கோப்புகளை ஒத்திசையச் செய்யும் வலை. பிட்டாரன்ட் நிறுவனம் 2013இல் இதற்கென ஒரு மென்பொருளை வெளியிட்டது. அது 2016 முதல் ரெசிலியோ என்னும் பெயரில் தனி நிறுவனத்தினதாயிற்று. 2013 திசம்பரில் யாக்கோப் போர்க் என்பார் சிங்திங் என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். இதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். ஆதலின் இதனையே நம் விளக்கத்துக்குச் சான்றாகக் கொள்வோம்.

கருவிகள் ஒன்றையொன்று அறிதல்

நடுவர் இல்லாத இடத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் யாரிடம் கொடுப்பது? சிங்திங் இதற்கு வேறு வழி கொண்டுள்ளது. நிறுவப்பெற்றவுடன் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு மறைகுறிச் சான்றிதழை ஆக்கிக்கொள்கின்றது. அச்சான்றிதழிலிருந்து கணிக்கப்படும் 56 எழுத்து நீளமுள்ள அடையாளமே அக்கருவியின் பெயர். வீட்டுக் கணிப்பொறியில் கைபேசியின் அடையாளத்தையும், கைபேசியில் வீட்டுக் கணிப்பொறியின் அடையாளத்தையும் நாமே ஏற்றுக்கொண்டாலன்றி அவை பேசா. ஒருபுறம் மட்டும் ஏற்பது போதாது. இவ்வடையாளத்தை அறிந்த அயலார் ஒருவர் அதனைக் கொண்டு நம் கோப்புகளைப் பெற்றுவிட முடியாது. சான்றிதழின் மறைவுப் பகுதி கருவியை விட்டு வெளியே வருவதில்லை.

ஒரே வீட்டு வலையில் இருக்கும் கருவிகள் 'நான் இங்குள்ளேன்' என்று அவ்வப்போது ஓர் அறிவிப்பை வலை முழுவதும் பரப்பி ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. வெவ்வேறு ஊர்களில் இருந்தால் முகவரி கேட்டறிய ஒரு பொதுப்பட்டியல் வழங்கி உண்டு. அது முகவரியை மட்டுமே அறியும். கோப்பு எதையும் அறியாது. நம் நாட்டுக் கைபேசி வலைகளில் மற்றொரு தடையும் உண்டு. பழைய முறை இணைய முகவரிகள் உலகு முழுவதற்கும் சேர்த்து 430 கோடிக்கும் சற்றுக் குறைவே. ஆகவே பல பயனர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னே நிறுத்துகின்றனர். வெளியிலிருந்து வருபவர் உரிய கருவியின் கதவைத் தட்ட இயலாது. அத்தகைய இடத்தில் இரு கருவிகளும் ஒரே வேளையில் உள்ளிருந்து வெளியே இணைப்பை முயன்று வழி திறக்கப் பார்க்கும். அதுவும் கூடாதபோது இடைநிலை அஞ்சல் வழங்கி ஒன்றின் வழியே போகும். மறைகுறியாக்கப்பட்டே செல்வதால் அஞ்சல்காரர் உறையைச் சுமப்பாரேயன்றிக் கடிதத்தைப் படிக்க இயலாது. இவ்விடத்தில் 'நடுவண் இல்லை' என்னும் கூற்று முற்றும் உண்மையன்று என்பதையும் நாம் ஒப்புதல் வேண்டும். வழிகாட்டுவோர் உளர், உடைமையாளர் இலர்.

துண்டும் கைரேகையும்

களப்பணியில் எடுத்த நாட்டுப்புறப் பாடல் ஒலிப்பதிவு ஒன்று 200 மெகாபைட்டு அளவினது என்று கொள்வோம். சிங்திங் அதனை 128 கிலோபைட்டுத் துண்டுகளாகப் பகுக்கும். 1600 துண்டுகள் ஆகும். (250 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளுக்குத் துண்டின் அளவும் படிப்படியே பெருகும்.) ஒவ்வொரு துண்டுக்கும் 32 பைட்டு நீளமுள்ள ஒரு கைரேகை எண் கணிக்கப்படுகின்றது. துண்டில் ஓர் எழுத்து மாறினும் கைரேகை முற்றும் மாறிவிடும். 1600 கைரேகைகளும் சேர்ந்து 50 கிலோபைட்டுதான். கருவிகள் முதலில் பரிமாறிக்கொள்வது இந்தச் சிறு பட்டியலையே. பட்டியலை ஒப்பிட்டுத் தன்னிடம் இல்லாத துண்டுகளை மட்டும் கருவி கேட்டுப் பெறும். முதல் துண்டை வீட்டிலிருந்தும் இரண்டாம் துண்டைத் துறையறையிலிருந்தும் பெறலாம்; இருவரும் நிகரே. வந்த துண்டின் கைரேகையைத் தானே கணித்துப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒத்திருந்தால் மட்டுமே ஏற்கும். படியெடுப்பவர் கண் சோர்ந்து ஓர் எழுத்தை விட்டுவிடும் பிழை இங்கு நிகழாது.

மாறிய பகுதியை மட்டும் அனுப்புதல் என்னும் கருத்துக்கு முன்னோடி உண்டு. 1996இல் ஆசுத்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரசும் வெளியிட்ட ஆர்சிங்க் நிரல் இதனை நுட்பமாகச் செய்தது. கோப்பின் தொடக்கத்தில் ஒரு சொல்லைச் செருகினால் பின்னுள்ளவை யாவும் சிறிது நகர்ந்து எல்லாத் துண்டுகளும் மாறியனபோல் தோன்றும். அந்நகர்வையும் கண்டறியும் 'உருளும் கணக்கு' அவர்கள் கண்டது. சிங்திங்கும் நெடுங்காலம் அதனைக் கைக்கொண்டிருந்து, நடைமுறையில் பயன் மிகக் குறைவு என்று கண்டு 2025இல் வந்த இரண்டாம் பதிப்பில் கைவிட்டது.

எது புதியது?

இனி அரிய பகுதிக்கு வருவோம். ஒரே கோப்பு இரு கருவிகளில் இருவேறாக உள்ளது. எதனை வைத்துக்கொள்வது? திருத்திய நேரத்தைப் பார்த்துப் பிந்தியதைக் கொள்ளலாமே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் நேரத்தைக் கூறுவது யார்? அந்தந்தக் கருவியின் கடிகாரம். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணிப்பொறி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடுகின்றது. இன்று காலை அதில் செய்த திருத்தம், கடிகாரக் கணக்கில், சென்ற ஆண்டுப் படியைவிடப் பழையதாகும். கடிகாரத்தை நம்பினால் இன்றைய உழைப்பு அழியும்.

கடிகாரம் சரியாக இருந்தாலும் சிக்கல் தீராது. முன்பின் என்பது நேரத்தால் மட்டும் அமைவதன்று; ஒன்றை அறிந்து மற்றொன்று தோன்றியதா என்பதாலும் அமைவது. லெஸ்லி லாம்போர்ட் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தியது. பத்து மணிக்கு ஒருவரும் பத்தரை மணிக்கு ஒருவரும் ஒருவர் செய்தது மற்றவர்க்குத் தெரியாமலே திருத்தியிருந்தால், பத்தரை மணித் திருத்தம் பத்து மணித் திருத்தத்தின் வளர்ச்சி ஆகாது. இரண்டும் பழைய படியிலிருந்து கிளைத்த இரு கிளைகள். ஏட்டுச்சுவடிகளின் குடிவழியை வரைவோர் இதனை நன்கு உணர்வர். காலத்தால் பிந்திய ஏடு முந்திய ஏட்டிலிருந்தே எழுதப்பட்டது என்று யாரும் கொள்வதில்லை.

இக்கிளைகளைக் கண்டறிய 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர் சிலர் ஒரு கணக்கை முன்வைத்தனர். ஒவ்வொரு கோப்போடும் 'எந்தக் கருவி எத்தனை முறை திருத்தியது' என்னும் சிறு குறிப்பைச் சேர்த்து வைப்பதே அது. எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

'முன்னுரை' என்னும் கோப்பை வீட்டில் தொடங்குகின்றோம். அதன் குறிப்பு: வீடு 1. அது மூன்று கருவிகளுக்கும் சென்று சேர்கின்றது. பேருந்தில் செல்கையில் கைபேசியில் ஒரு பத்தியைச் சேர்க்கின்றோம். அங்குக் குறிப்பு 'வீடு 1, கைபேசி 1' என்றாகிறது. கைபேசி துறையறைக் கணிப்பொறியைச் சந்திக்கின்றது. அறையில் உள்ள குறிப்போ 'வீடு 1' மட்டும். கைபேசியின் குறிப்பு அதனைத் தன்னுள் அடக்கி, மேலும் ஒன்றைக் கொண்டுள்ளது. ஆகவே கைபேசிப்படி பழையதை அறிந்து எழுந்த புதியது. ஐயமின்றி அறை அதனை ஏற்கின்றது. கடிகாரத்தைக் கேட்க வேண்டியதே இல்லை.

இதற்கிடையே வீட்டில் தம்பி அதே கோப்பில் எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருக்கிறார் எனக் கொள்வோம். வீட்டின் குறிப்பு: வீடு 2. மாலையில் கைபேசி வீடு திரும்புகின்றது. 'வீடு 2' என்பதில் கைபேசியின் திருத்தம் இல்லை. 'வீடு 1, கைபேசி 1' என்பதில் வீட்டின் இரண்டாம் திருத்தம் இல்லை. ஒன்று மற்றொன்றை அடக்கவில்லை. இதுவே முரண். இரு கருவிகளும் எவரையும் கேளாமல், தம் கையிலுள்ள குறிப்பை மட்டும் கொண்டு, இம்முடிவுக்கே வரும். நடுவர் இல்லாமலே வழக்கு உள்ளது என்பதை இரு தரப்பும் ஒத்துக்கொள்கின்றன என்பதுதான் இக்கணக்கின் அருமை.

வழக்கு உள்ளது என்று அறிவது வேறு. தீர்ப்புக் கூறுவது வேறு. சிங்திங் தீர்ப்புக் கூறுவதில்லை. பழைய நேரமுடைய படிக்கு 'சிங்க்-கான்ஃபிளிக்ட்' என்னும் சொல்லையும் நாளையும் நேரத்தையும் பெயரோடு சேர்த்து அருகிலேயே வைத்துவிடுகின்றது. (எந்தப்படி தன் பெயரை வைத்துக்கொள்ளும் என்பதற்கு மட்டும் கடிகாரம் உள்ளே நுழைகின்றது, இரண்டும் அழியாமையால் பெருங்கேடு இல்லை.) இரு படிகளும் எல்லாக் கருவிகளுக்கும் செல்கின்றன. பத்தியையும் பிழைதிருத்தத்தையும் ஒன்றாக்கும் பணி நம்முடையது. சிலர் இதனை மென்பொருளின் குறையாகக் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இரு பாடங்கள் கிடைத்தபோது ஒன்றை ஓசையின்றி எரித்துவிட்டு மற்றொன்றை அச்சேற்றும் பதிப்பாசிரியரை எவரும் போற்றமாட்டார். அடிக்குறிப்பில் பாடவேறுபாடு காட்டுபவரையே நாம் நம்புகின்றோம்.

இல்லாமையும் ஒரு செய்தி

அறையில் ஒரு கோப்பு உள்ளது, கைபேசியில் இல்லை. இதற்கு இரண்டு பொருள் உண்டு. கோப்பு இன்னும் கைபேசிக்கு வந்து சேரவில்லை என்பது ஒன்று. வந்த கோப்பைக் கைபேசியில் நீக்கிவிட்டனர் என்பது மற்றொன்று. முன்னதாயின் அனுப்ப வேண்டும். பின்னதாயின் அறையிலும் நீக்க வேண்டும். வெற்றிடத்தைப் பார்த்து இதனை அறிய முடியாது. ஆதலின் ஒரு கோப்பு நீக்கப்படும்போது, அதன் பெயரும் திருத்தக் குறிப்பும் 'நீக்கப்பட்டது' என்னும் முத்திரையோடு பட்டியலில் இருத்தப்படுகின்றன. ஒருவகை நடுகல் எனலாம். இது இல்லையேல் நாம் நீக்கிய கோப்புகள் மறுநாள் வேறொரு கருவியிலிருந்து உயிர்த்தெழுந்து வரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். நீக்கம் உண்மையாகப் பரவும் என்பதால் ஒத்திசைவு காப்புப்படி ஆகாது. கைபேசியில் தவறிப்போய் அழித்த கோப்புறை சில நொடிகளில் மூன்று இடங்களிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல் ஒரு கணிப்பொறியில் புகுந்தால் பூட்டிய கோப்புகளையே ஒத்திசைவு பொறுப்புடன் எங்கும் கொண்டு சேர்க்கும். பழைய படிகளைச் சில காலம் ஒதுக்கி வைக்கும் வசதி சிங்திங்கில் உண்டு. ஆனால் நாமாக இயக்கினாலன்றி அது இயங்காது. அன்றியும், பிற கருவிகளிலிருந்து வரும் மாற்றங்களுக்கு முன்பிருந்த படியையே அது காக்கும். அக்கருவியிலேயே நாம் செய்த மாற்றத்துக்கு முன்பிருந்ததை அங்குக் காவாது. ஆய்வேடு எழுதுவோர் மாதம் ஒருமுறையேனும் தனியே ஒரு வன்வட்டில் படியெடுத்து அதனைக் கழற்றி வைப்பது நன்று.

தூதாகும் கைபேசி

நிகர்க்கு நிகர் முறையின் பெருங்குறை, இரு கருவிகளும் ஒரே வேளையில் விழித்திருக்க வேண்டும் என்பதே. துறையறைக் கணிப்பொறி மாலை ஐந்து மணிக்கு அணைகின்றது. வீட்டுக் கணிப்பொறி இரவு எட்டு மணிக்கு விழிக்கின்றது. இவ்விரண்டும் தம் வாழ்நாளில் சந்திப்பதே இல்லை. ஆயினும் இடையில் கைபேசி உள்ளது. பகலில் அறையோடு பேசிப் பெற்ற துண்டுகளை இரவில் வீட்டுக்குத் தருகின்றது. வீட்டில் பெற்றதை மறுநாள் அறைக்குக் கொண்டு செல்கின்றது. திருத்தக் குறிப்பு கோப்போடு உடன் செல்வதால், யார் வழியாக வந்தது என்பது பொருட்டன்று. இந்த ஏற்பாடு அமையவேண்டுமாயின் கோப்புறை கைபேசியில் முழுமையாக இருத்தல் வேண்டும். மின்கலச் சிக்கனத்துக்காகக் கைபேசி அந்நிரலை உறக்கத்தில் ஆழ்த்தாதபடி அமைப்பை மாற்றியிருத்தலும் வேண்டும். ஆண்டிராய்டுக்கான அதிகாரமுறைச் செயலி 2024 திசம்பரோடு நிறுத்தப்பட்டது. தன்னார்வலர் பேணும் கிளைச் செயலியே பின்னர்ப் பயன்பட்டு வருகின்றது. நடுவண் நிறுவனம் மூடினால் நேரும் இன்னலை முன்னர்க் கூறினோம். இங்குச் செயலி நின்றபோது கோப்புகள் யாருடைய கருவியிலிருந்தும் அகலவில்லை என்பதையும் உடன் வைத்து எண்ணலாம்.

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு குறிப்பு

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுவோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்று எஞ்சியுள்ளது. ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியை இருவகையில் எழுதலாம். 'ொ' என்பதற்கு ஒரே குறியெண் உண்டு. எகரக்குறியையும் கால்குறியையும் அடுத்தடுத்து வைத்தும் அதே வடிவைப் பெறலாம். ஓகார, ஔகாரக் குறிகளும் அவ்வாறே. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் 'தொல்காப்பியம்' என்னும் பெயர் முதல் முறையில் 39 பைட்டு. இரண்டாம் முறையில் 42 பைட்டு. லினக்சு போன்ற அமைப்புகள் பெயரைப் பைட்டு வரிசையாகவே கொள்வதால் ஒரே கோப்புறையில் இரண்டு 'தொல்காப்பியம்' அருகருகே நிற்கும். ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தெழுதும் இரண்டாம் வகையிலேயே இருத்தியது. 2017 முதல் வழங்கும் புதிய முறை எழுதியவாறே வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாகவே கருதுகின்றது. சிங்திங் தன் உரையாடலில் எல்லாப் பெயர்களையும் முதல் வகைக்கு மாற்றிக்கொள்கின்றது. கோப்புறை அமைப்பில் இதற்குரிய பெயர்ச்சீராக்கம் முன்னிருப்பாகவே இயங்குகின்றது. பழைய வன்வட்டுகளிலிருந்து கோப்புகளை ஒத்திசைவில் சேர்ப்போர் அதனை அணைத்துவிடாமல் இருப்பதோடு, ஒகர ஓகாரப் பெயருடைய கோப்புகள் இரட்டையாக நிற்கின்றனவா என்று முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.